மரை கழண்ட கேஸா உங்க சைக்கிள்?

‘அவன் ஒரு மரை கழண்ட கேஸுப்பா...’

கிளாஸில் ஒருத்தரையாவது இப்படிக் கலாய்க்காமல் நமக்கு நாள் போகாது. ஆனால், நிஜமாகவே மரை கழண்டால் என்ன ஆகும் தெரியுமா? அது தெரிய லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி போகும் மலைப்பாதையில் சைக்கிள் மிதிக்கணும். நான் மிதிச்சிருக்கேன். அதான் சொல்றேன்.

வீட்டில் சும்மா கிடந்த பழைய சைக்கிள். ‘புதுசு பண்ணிடலாம் மாப்ள!’ என்று நண்பன் உசுப்பேற்ற, கையில் இருந்த காசையெல்லாம் புரட்டி புது ஆக்சில், புது கப், புது செயின், புது பெடல் வாங்கினோம். ஃபிரேமுக்கு மட்டும் பளபளன்னு நீலக் கலர் பெயின்ட். புது கப்பை மாட்டப் போனால் உள்ளே இறங்கவே இல்லை. ‘புதுசுன்னா அப்படித்தான் இறுக்கமா இருக்கும்’ என்றபடி, ஸ்பேனருக்குப் பின்னால் ஒரு இரும்பு பைப்பைச் சொருகி இரண்டு பேர் சேர்ந்து முறுக்கினோம். ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். உள்ளே போயிடுச்சு. செம ஹேப்பி!

ஒரு மாசம்கூட ஓடலை. மலைப்பாதையில் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது கப் ஆடி, கிராங்க் சாய்ந்து, செயின் கழண்டு, கால் நழுவி... நான் ரோட்டில். பின்னாலேயே எஸ்டேட் ஜீப். டிரைவர் அண்ணன் மட்டும் சட்டென்று பிரேக் போடாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேற யாராவதுதான் எழுதியிருக்கணும்.

தப்பு புது பார்ட்ஸில் இல்லை, பாஸ். பழைய ஃபிரேமைத் தயார் பண்ணாமலே புது சாமானை மாட்டினோமே, அதில்தான் தப்பு!

ஓரத்தில் நிற்குதா ஒரு சைக்கிள்?

தேனி மாவட்டத்தில் பல வீடுகளில் ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும். அதில் நிறைய, பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள்தான். தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு ஆரம்பித்த திட்டம் அது. பிறகு மற்ற பிரிவுகளுக்கும், பையன்களுக்கும் விரிந்தது. பதினொன்றாம் வகுப்பில் கைக்கு வந்த சைக்கிள், பன்னிரண்டு முடித்ததும் மாடிப்படிக்கு அடியில் போயிடும். காலேஜ் போனதும் பஸ் பாஸ், இல்லைன்னா ஃப்ரெண்டோட பைக்!

ஆனால், உத்தமபாளையம் ஹௌதியா கல்லூரிக்கோ, போடி ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரிக்கோ ஏழெட்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அந்த சைக்கிள் இன்னும் ஓடக்கூடிய வண்டிதான். பள்ளத்தாக்கின் நடுப்பகுதி பெரும்பாலும் சமதளம். வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் பார்த்துக்கிட்டே மிதிக்கலாம். ‘ஓவராயில் பண்ணி, பார்ட்ஸ் மாத்தி எடுத்துடலாம்’ என்று நினைக்கிறவர்கள் காசை எடுப்பதற்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க. ஒரு சனி, ஒரு ஞாயிறு போதும்.

ஃபிரேமுக்கு ஏன் இவ்ளோ பில்டப்?

சைக்கிளில் சுற்றுகிற எல்லா சாமானும் ஃபிரேமில்தான் உட்காருது. கிராங்க்கைத் தாங்கும் பி.பி. கப், ஹேண்டிலைத் தாங்கும் ஹெட் கப், பின்சக்கர ஆக்சில், சீட் கம்பி... இந்த நாலு இடமும் சுத்தமாக, நேராக இருந்தால் சாதாரண பார்ட்ஸே வருஷக்கணக்கில் உழைக்கும். கோணலாக இருந்தால் எவ்வளவு விலையுள்ள பார்ட்ஸும் சில மாசத்தில் காலி. ஏன்னா, பால்ரஸ் எல்லாம் ஒரே சீராக உருளணும். கப் துளி சாய்ந்தாலும் மொத்த எடையும் ரெண்டு மூணு பால்ரஸ் மேலேயே இறங்கும். அந்த இடம் குழி விழும். அப்புறம் ‘கடக் கடக்’ மியூசிக்தான்!

நம்ம ஊரில் கூடுதல் பிரச்னை ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவத்தில் குமுளி பக்கமிருந்து சாரல், வடகிழக்குப் பருவத்தில் மழை என்று கம்பம் பள்ளத்தாக்குக்கு ரெண்டு சீஸன். சீட் கம்பி ஓரமாக உள்ளே இறங்கும் தண்ணீர், ஃபிரேமிலேயே தாழ்வான இடமான பி.பி. குழாயில் போய் நிற்கும். வெளியே பெயின்ட் மின்னும். உள்ளே மரையைத் துரு தின்னும்.

ஸ்டெப் 1: கழற்று... கண்ணால் பார்!

ஒவ்வொரு பார்ட்டையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ. எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று அப்புறம் மண்டையைப் பிய்ச்சுக்க வேண்டாம். நட், பால்ரஸ் எல்லாம் தனித்தனி டப்பாவில்.

ஃபிரேமை சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காய வைத்து, வெளிச்சத்தில் பாருங்க. முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: ஹேண்டில் குழாயும் அதிலிருந்து கீழே இறங்கும் குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கம், பி.பி. குழாயைச் சுற்றி, பின்சக்கரம் மாட்டும் வாய், சீட் போல்ட் பக்கம்.

ஹேண்டில் குழாய்க்குக் கீழே பெயின்ட் சுருங்கியோ, குழாய் லேசாக உப்பியோ இருந்தால் வண்டி எங்கேயோ நேருக்கு நேர் மோதியிருக்கு என்று அர்த்தம்.

சந்தேகமாக ஒரு கோடு தெரியுதா? பட்டறைக்காரர்களின் பழைய டெக்னிக் ஒன்று இருக்கு. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தூவுங்க. வெறும் கீறல் என்றால் பொடி அப்படியே இருக்கும். விரிசல் என்றால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் ஈரக் கோடு போடும். மண்ணெண்ணெய் கிடைக்கலையா, டீசல் ஓகே. பக்கத்தில் தீக்குச்சி, அடுப்பு கூடவே கூடாது!

ஹேண்டில் பக்கம் விரிசல் இருந்தால் அந்த ஃபிரேமுக்கு அதோட டாட்டா. ‘பத்த வெச்சுக்கலாம்’ என்று சொல்வார்கள். மெல்லிய குழாயில் கண்டபடி வெல்டிங் போட்டால் பக்கத்து இடம் பலவீனமாகி, இன்னொரு நாள் அங்கே உடையும். ஒரு ரூபாய்க்கும் பார்ட்ஸ் வாங்குவதற்கு முன்னாடியே இது தெரிந்தது நல்லதுதானே!

ஸ்டெப் 2: நூல் டெஸ்ட்

ஃபிரேம் நேராக இருக்கா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். மூணு மீட்டர் நூல், ஒரு ஸ்கேல் போதும்.

பின்சக்கரம் மாட்டும் இடது வாயில் நூலைக் கட்டுங்க. அதை முன்னால் கொண்டு போய் ஹேண்டில் குழாயைச் சுற்றி, திரும்பப் பின்னால் கொண்டு வந்து வலது வாயில் அதே உயரத்தில் இழுத்துக் கட்டுங்க. இப்போ நூலுக்கும் சீட் குழாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளியை ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. ஒண்ணா இருந்தால் ஃபிரேம் நேர். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். மூணு மில்லிமீட்டரைத் தாண்டினால் பின்பக்கம் ஒரு சைடு இழுத்திருக்கு. இரும்பு ஃபிரேம் என்றால் அனுபவமுள்ள கடையில் சூடு பண்ணாமலே நிமிர்த்திக் கொடுப்பார்கள். அலுமினிய ஃபிரேமை வளைக்கவே விடாதீங்க. அது வளைந்து கொடுக்காது, விரிசல் விடும்.

அப்படியே பின்வாயின் உள் இடைவெளியையும் அளந்து ஒரு பேப்பரில் எழுதிக்குங்க. கியர் இல்லாத பழைய சைக்கிளில் பொதுவாக 110 முதல் 120 மில்லிமீட்டர் இருக்கும். இப்போது வரும் கியர் வண்டிகளின் ஹப் 130, 135 என்று அகலமாக வரும். ‘ஆசையா கியர் வீல் வாங்கிட்டேன், உள்ளே நுழையலை’ என்று ரெண்டு பக்கமும் கையால் விரித்து மாட்டினால், வாய் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேராக நிற்காது. ஆக்சில் வளையும். ஒருநாள் முறியும்.

ஸ்டெப் 3: மரைதான் மேட்டர்!

இப்போ நான் கோட்டை விட்ட இடத்துக்கு வந்தாச்சு. பி.பி. குழாயின் ரெண்டு பக்கமும் உள்ளே மரை இருக்கும். (கிராங்க் ரெண்டு பக்கமும் ஒரே கம்பியாக வளைந்து வரும் குட்டி சைக்கிள் என்றால் மரையே இருக்காது. கப்பைத் தட்டித்தான் இறக்குவார்கள்.)

இதில் ஒரு ட்விஸ்ட். இடது பக்க மரை சாதாரண மரை. வலது பக்கம், அதாவது செயின் இருக்கும் பக்கம், எதிர் மரை! நாம் வழக்கமாக முறுக்கும் திசைக்கு நேர் எதிராகச் சுற்றினால்தான் இறுகும். இது தெரியாமல் முறுக்கித்தான் பல பேர் ஃபிரேமைக் காலி பண்றாங்க.

ஏன் எதிர் மரை? ஒரு பேனாவைக் கைக்குள் லூஸாகப் பிடித்து, அதன் நுனியை இன்னொரு கையால் வட்டமாகச் சுற்றிப் பாருங்க. நுனி ஒரு பக்கம் சுற்றினால் பேனா தன்னைத்தானே எதிர்ப் பக்கம் உருளும். மிதிக்கும்போது ஆக்சிலின் அழுத்தம் கப்பையும் இதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகும். வலது பக்கம் சாதா மரை போட்டிருந்தால் மிதிக்க மிதிக்கக் கழண்டுக்கும். எதிர் மரை போட்டதால் அது கழண்டுவராமல் நிற்குது. இடது பெடலுக்கு எதிர் மரை இருப்பதும் இதே கணக்குதான். கிளாஸில் தூங்கின ஃபிசிக்ஸ், சைக்கிளில் முழிச்சுக்கிட்டு இருக்கு!

சரி, வேலைக்கு வருவோம். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, மரைக்குள் இருக்கும் கிரீஸ், மண், துரு எல்லாம் போகும்வரை தேயுங்க. துணியால் துடைத்து, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கப்பை விரலால் மட்டும் சுற்றிப் பாருங்க. ஸ்பேனரைத் தொடக் கூடாது. நாலு சுற்றாவது விரலாலேயே உள்ளே போனால் மரை நல்லா இருக்கு.

பாதியில் நிற்குதா? அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று ஆட்டி ஆட்டிக் கொண்டு போங்க. அழுக்கு என்றால் வழி விடும். அப்பவும் நின்றால், பழைய இரும்புக் கப் ஒன்றை எடுத்து, அதன் மரைக்குக் குறுக்கே கிரைண்டரில் மூணு நாலு பள்ளம் வெட்டிக்குங்க. அதை எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டினால் மரையில் இருக்கும் துருவையும் பெயின்ட்டையும் அந்தப் பள்ளம் வழித்துக்கிட்டு வரும். காசில்லாத மெக்கானிக்கின் ‘டேப்’ இது. புது மரையை வெட்டாது, இருக்கும் மரையைச் சுத்தம் பண்ணும், அவ்வளவுதான்.

மரையே நசுங்கியிருந்தால் லேத் பட்டறைதான் வழி. அங்கேயும் ஒரு விஷயத்தைக் கேளுங்க. ரெண்டு பக்க மரையும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும். ஒரு பக்கம் டேப் ஓட்டும்போது, அடுத்த பக்கத்திலிருந்து அதற்கு வழிகாட்ட ஒரு பிடிமானம் வேண்டும். ‘கையாலேயே போட்டுடலாம்’ என்றால், ‘அண்ணே, வேற இடம் பார்த்துக்கிறேன்’ என்று சிரிச்சுக்கிட்டே கிளம்பிடுங்க.

ஸ்டெப் 4: முகம் பார்!

கப்பின் விளிம்பு போய் உட்காரும் பி.பி. குழாயின் ஓரத்தை ‘முகம்’ என்று வெச்சுக்குவோம். ரெண்டு பக்க முகமும் ஒண்ணுக்கொண்ணு இணையாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கணும். பெரிய ஊர் சைக்கிள் ஒர்க்‌ஷாப்களில் இதைச் சீவித் தள்ளத் தனிக் கருவியே உண்டு. நம்ம வீட்டில்? பழைய பெயின்ட்டை சுரண்டி எடுத்து, பிசிறு இருந்தால் தட்டையான அரத்தால் லேசாகத் தடவுங்க. ஸ்டீல் ஸ்கேலை மேலே வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினால் எங்கே இடைவெளி என்று தெரியும். அரத்தை அழுத்தித் தேய்த்து நீங்களே சரி பண்ண முயற்சிக்காதீங்க. இருந்ததைவிடக் கோணலாகிடும்.

ஹேண்டில் குழாயிலும் இதே கதை. ஹெட் கப் மரையில்லாமல் இறுக்கமாக உட்காரும் சாமான். உள் சுவரில் பெயின்ட், துரு இருந்தால் சாய்ந்து உட்காரும். எமரி பேப்பரால் சுத்தம் பண்ணி, துளி கிரீஸ் தடவிக்குங்க. சுத்தியலால் ஒரு ஓரத்தில் ‘டங் டங்’ என்று அடிப்பதற்குப் பதில், முழு நீளத்துக்கும் மரை போட்ட ஒரு கம்பி, ரெண்டு நட், ரெண்டு பெரிய வாஷர் ஹார்டுவேர் கடையில் வாங்கிக்குங்க. கம்பியைக் குழாய்க்குள் விட்டு, ரெண்டு பக்கமும் வாஷர் வைத்து நட்டை முறுக்கினால் கப் நேராக இறங்கும்.

சீட் குழாய்க்குள்ளும் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவினால்தான் சீட் கம்பி நாளைக்கு மாட்டிக்காமல் மேலும் கீழும் வரும்.

ஸ்டெப் 5: பெயின்ட்... கடைசிக்கு முந்தி!

நாங்க பண்ணின பெரிய தப்பு, மரைக்குள்ளேயும் பெயின்ட்டை இறங்க விட்டது. பெயின்ட் அடிக்கும் முன் பழைய கப்பை ரெண்டு பக்கமும் மாட்டி மரையை மூடுங்க. இல்லைன்னா துணி திணித்து டேப் ஒட்டுங்க. ஹேண்டில் குழாய், சீட் குழாயின் உள்பக்கமும் அப்படியே. சக்கரம் இறுகும் வாயில் கனமாகப் பெயின்ட் அப்பினால், அது நசுங்கி நட் லூஸாகும். உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, காய்ந்ததும் கலர். ‘அவசரம்’ என்று ஈரத்திலேயே அடுத்த கோட்டிங் போட்டால் உரிந்து வரும்.

பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால் மரையை மூடச் சொல்லி வாயால் சொல்லுங்க. சூளையில் 180 டிகிரிக்குப் பக்கத்தில் வேகும் கோட்டிங் அது. மரைக்குள் போய் உறைந்தால் கல் மாதிரி.

பெயின்ட் காய்ந்ததும் குழாய்களுக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஃபிரேமை உருட்டுங்க. உள்சுவர் முழுக்கப் படியணும். மிச்சத்தை வடிச்சிடுங்க.

ஸ்டெப் 6: இப்போ வரட்டும் புது பார்ட்ஸ்!

மரையில் கிரீஸ். கப் விரலால் உள்ளே போகணும். கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர். வலது கப்பை நன்றாக இறுக்கி, ஆக்சில், பால்ரஸ் போட்டு, இடது கப்பால் அளவு பார்த்து, லாக் ரிங் போடுங்க. ஆக்சிலைக் கையால் சுற்றுங்க. முழுச் சுற்றும் ஒரே மாதிரி வழுக்கிக்கிட்டுப் போனால் பாஸ்! ஒரு இடத்தில் இறுகி, எதிர்ப்பக்கம் லூஸானால் ஆக்சில் வளைந்திருக்கு, அல்லது மரையோ முகமோ கோணல். ‘ஓட்ட ஓட்டச் சரியாகிடும்’ என்பது உலகத்திலேயே பெரிய பொய்!

கடைக்குப் போகும் முன்...

* பழைய கப், ஆக்சில் ரெண்டையும் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்க. அளவைச் சொல்வதைவிடக் காட்டுவது பெஸ்ட்.
* பின்வாய் இடைவெளி, பி.பி. குழாயின் அகலம் (பெரும்பாலும் 68 மில்லிமீட்டர்), சீட் குழாயின் உள் அளவு மூணும் பேப்பரில் இருக்கட்டும்.
* வாங்கின கப்பை வீட்டுக்கு வந்ததும் விரலால் ஓட்டிப் பாருங்க. சேரலைன்னா அன்றைக்கே மாத்திடுங்க. ஸ்பேனர் பட்ட சாமானைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள்.
* பெடல் குழப்பமா? ஸ்பேனர் மேலே பார்க்க நிற்கட்டும். முன்சக்கரம் பக்கம் தள்ளினால் ரெண்டு பெடலும் இறுகும்.

இறக்கத்துக்கு முன் ஒரு கணக்கு

சைக்கிளும் ஆளும் சேர்த்து 80 கிலோ என்று வையுங்க. உயரத்தில் 100 மீட்டர் இறங்கினால் சுமார் 78,000 ஜூல் சக்தி எங்கேயாவது போயாகணும். ஒரு லிட்டர் தண்ணீரை 18 டிகிரிக்கும் மேல் சூடாக்கக்கூடிய அளவு அது. வேகத்தைக் கூட்டாமல் இறங்கணும் என்றால் அதில் பெரும்பகுதியைப் பிரேக் கட்டையும் ரிம்மும்தான் வாங்கிக்கணும். பிரேக் பிடிக்கும்போது முன் ஃபோர்க்கையும் ஹெட் கப்பையும் அது உலுக்கி எடுக்கும். குமுளி, போடிமெட்டு மாதிரி மலைப்பாதைகளில் எத்தனை நூறு மீட்டர் இறங்கறோம் என்று யோசிச்சுப் பாருங்க. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. புது வண்டியை முதலில் நம்ம தெருவில் ஓட்டி, அப்புறம் சமதளத்தில் ஒரு வாரம் ஓட்டி, எல்லா நட்டையும் மறுபடி ஒரு தடவை பார்த்த பிறகுதான் மலை. ஓகே?

நம்ம பள்ளத்தாக்கே தண்ணீர் குடிக்கக் காரணமான பென்னிகுக், 1887-ல் பெரியாறு அணை வேலையை ஆரம்பித்தபோது, முதலில் போட்ட அஸ்திவார வேலைகளைக் காட்டாற்று வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. மனுஷன் அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மேலே கட்டப் போகவில்லை. திரும்பவும் அடியிலிருந்தே ஆரம்பித்தார். 1895-ல் அணை எழுந்தது.

நமக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. ஒரு டூத் பிரஷ், மூணு மீட்டர் நூல், ரெண்டு நாள் பொறுமை. என்னோட அந்த நீலக் கலர் ஃபிரேமின் மரையை லேத் பட்டறையில் திரும்பப் போட்டுக் கொடுத்துட்டாங்க. புது கப்பை விரலாலேயே முறுக்கினேன். வழுக்கிக்கிட்டு உள்ளே போனது. அந்தச் சுகம் இருக்கே... அனுபவிச்சுப் பாருங்க பாஸ்!